நட்சத்திரமும் மாடிப்படியும்: பழைய ஹாலிவுட் ரசிக பக்தியின் மூலகாரணம் குறித்து ஓர் ஆய்வு

பழைய ஹாலிவுட் படங்கள் மேல் ரசிகர்களுக்கு இருக்கும் தீராத மோகத்துக்குக் காரணம் என்ன என்ற கேள்விக்கு அறிஞர்கள் பல விடைகள் சொல்லியிருக்கிறார்கள். முகவெட்டு என்பார் சிலர். ஒளியமைப்பு என்பார் சிலர். குரல் என்பார் ஒரு சாரார். எல்லாம் ஸ்டூடியோ விளம்பரப் பிரிவின் கைங்கரியம் என்று கசந்துகொள்வாரும் உளர். இவையெல்லாம் ஓரளவு உண்மையே எனினும் மூலத்தைத் தொடவில்லை என்பது இக்கட்டுரையின் துணிபு. கிளார்க் கேபிளையும் விவியன் லீயையும் இங்கிரிட் பெர்க்மனையும் காதலிப்பதாக நம்பிக்கொண்டிருக்கும் ரசிகர் உள்ளபடியே காதலிப்பது ஒரு மாடிப்படியை. நடிகர்கள் அந்தப் படி தன்னைக் காட்டிக்கொள்ள அமைந்த சாக்குகள். கேட்ட மாத்திரத்தில் இது விபரீதமாகத் தோன்றும். புதிய கோட்பாடுகள் அப்படித்தான் தோன்றும் என்று சொல்லிக்கொள்வது ஆய்வாளர் மரபு. ஆய்வின் எல்லை 1934 முதல் 1953 வரை. ஏன் இந்த எல்லை என்பது போகப் போக விளங்கும். எல்லைக்கு வெளியே நமக்குச் சாதகமான சான்று ஏதும் கிடந்தால் அதையும் எடுத்துக்கொள்வோம்.

முதற்சான்று 1939இல் வந்த 'கான் வித் த விண்ட்'. ஏறக்குறைய நான்கு மணி நேரப் படம். அதில் உங்களுக்கு நினைவிருப்பது என்ன என்று கேட்டால் உள்நாட்டுப் போர், எரியும் அட்லாண்டா, தாரா பண்ணை என்பார்கள். ஆனால் ஸ்கார்லெட் (விவியன் லீ) முதன்முதலாக ரெட் பட்லரை (கிளார்க் கேபிள்) காண்பது ட்வெல்வ் ஓக்ஸ் மாளிகைப் படியில் நின்றுகொண்டு. அவன் கீழே அடிப்படியருகே நின்று அண்ணாந்து பார்க்கிறான். கொள்ளையடிக்க நுழைந்த வடபுலத்துச் சிப்பாயை அவள் சுட்டுத்தள்ளுவது தாரா வீட்டுப் படியில். சத்தம் கேட்டு அவள் நாத்தனார் மெலனி வாளை இழுத்துக்கொண்டு வந்து நிற்பதும் அதே படியின் தலைமாட்டில். குடித்துவிட்டு வந்த ரெட் அவளைத் தூக்கிக்கொண்டு ஏறுவது சிவப்புக் கம்பளம் விரித்த படியில். பிறகு அவள் உருண்டு விழுந்து வயிற்றுப் பிள்ளையைப் பறிகொடுப்பதும் படியில். எல்லாம் முடிந்து ரெட் வாசலைத் தாண்டிப் போன பின் அவள் சரிந்து விழுந்து அழுவது எங்கே? அத்தனை பெரிய வீட்டில் உட்கார நாற்காலிக்கா பஞ்சம்? படியில்தான் விழுகிறாள், படியிலிருந்துதான் நாளையைப் பற்றி நம்பிக்கை கொள்கிறாள். கண்டதும், கொன்றதும், கூடியதும், இழந்ததும், மீண்டதும் ஆக ஐந்து தொழிலும் ஒரே இடத்தில் நடக்குமானால் அந்த இடத்தைப் பின்னணி என்று ஒதுக்குவது நேர்மையாகாது. அகாடமி விருதுக்கு வாக்களித்தவர்களுக்கு இது புரிந்திருந்தது போலும். அந்த ஆண்டு கேபிளுக்கு விருது இல்லை. ராபர்ட் டோனட் கொண்டுபோனார். அந்த வீடுகளுக்குப் பொறுப்பான கலை இயக்குநர் லைல் வீலருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

மாடிப்படிக்கு இந்த மகிமை வந்தது எப்படி என்பது அடுத்த வினா. பெருமையில் பாதி தணிக்கைக்காரர்களைச் சேரும். 'ஹேஸ் கோட்' என்று பேர்பெற்ற ஒழுக்க விதிகள் 1930இலேயே எழுதப்பட்டுவிட்டன. யாரும் பெரிதாக மதிக்கவில்லை. 1934இல் ஜோசப் பிரீன் தணிக்கை அலுவலகத்துக்குத் தலைவரான பிறகுதான் அவற்றுக்குப் பல் முளைத்தது. தாலி கட்டிய தம்பதியாகவே இருந்தாலும் திரையில் தனித்தனிக் கட்டில் என்கிற நிலைமை வந்தது. கீழே கூடம், அங்கே ஊரே இருக்கலாம். மேலே படுக்கையறை, அங்கே கேமராவுக்கு வேலையில்லை. இவ்விரண்டுக்கும் நடுவே, எந்த விதியாலும் தடுக்க முடியாத இருபது இருபத்தைந்து மரப்பலகைகள். ஒருவன் ஒருத்தியைத் தூக்கிக்கொண்டு படியேறினான் என்று திரைக்கதையில் எழுதினால் அதில் ஆட்சேபிக்க என்ன இருக்கிறது? அது உடற்பயிற்சி. கேபிள் ஏறுகிறார், இருட்டு, விடிகிறது, விவியன் லீ கட்டிலில் புரண்டு தனக்குத்தானே சிரித்துக்கொள்கிறார். இடைப்பட்டதைப் பார்வையாளர் தம் சொந்தச் செலவில் எழுதிக்கொண்டார். பில்லி வைல்டரின் 'டபுள் இன்டெம்னிட்டி' (1944) இன்னும் சிக்கனம். பார்பரா ஸ்டான்விக் குளியல் துண்டோடு மாடியில் தோன்றுகிறார்; கீழே நிற்கும் காப்பீட்டு முகவர் பிரெட் மக்மரே அண்ணாந்து பார்க்கிறார். சற்றுப் பொறுத்து ஸ்டான்விக் உடுத்திக்கொண்டு இறங்கும்போது கேமரா முகத்தை விட்டுவிட்டுக் காலிலுள்ள ஒற்றைக் கொலுசை மட்டும் படிப்படியாகப் பின்தொடர்கிறது. அந்த மனிதர் ஒரு கொலை செய்யத் தயாராவதற்கு இதற்கு மேல் விளக்கம் எதுவும் படத்தில் இல்லை, தேவையும் படவில்லை.

மீதிப் பாதிப் பெருமை திரையின் வடிவத்துக்கு உரியது. அக்காலத் திரை உயரம் ஒன்றென்றால் அகலம் 1.37, ஏறத்தாழச் சதுரம். இந்தச் சட்டத்துக்குள் தரையில் நிற்கும் ஒருவரைத் தலை முதல் கால்வரை காட்டினால் தலைக்கு மேலும் இருபுறமும் சும்மா கிடக்கும் இடம் நிறைய. அதே ஆளைப் படியில் ஏற்றிவிட்டால் கோணம் மாட்டிக்கொள்கிறது. சட்டம் மூலைக்கு மூலை நிறைகிறது. எம்.ஜி.எம்மில் ஏட்ரியனும் பாரமவுண்டில் ஈடித் ஹெட்டும் தைத்த நீள அங்கிகள், பின்னால் புரளும் விளிம்போடு முழுசாகத் தெரிய வேண்டுமானால் அதற்கு ஒரே வழி, உடுத்தியவரை மேலிருந்து இறக்குவதுதான். பாதம் முதலில், அங்கி பிறகு, முகம் கடைசியில். ஒரு கால் கீழ்ப்படியைத் தேடும்போது கண் மட்டும் கீழே பார்க்கக் கூடாது. பார்த்தால் அவர் துணை நடிகை. இந்தக் கடைசி வாக்கியத்துக்குச் சான்று கேட்பவர்கள் எந்தப் படத்தையாவது போட்டுப் பார்க்கலாம்.

இனி இலக்கணம். படியில் இறங்குவது தன்னை ஊருக்குக் காட்டுவது. ஏறுவது ஊரிடமிருந்து ஒன்றை மறைப்பது. 'ரெபேக்கா'வில் (1940) ஜோன் ஃபான்டெய்ன் விருந்து நாளன்று, வீட்டு நிர்வாகி மிசஸ் டான்வர்ஸ் யோசனைப்படி ஓவியத்திலுள்ள உடையைத் தைத்துப் போட்டுக்கொண்டு, பாராட்டை எதிர்பார்த்த சிரிப்போடு இறங்குகிறார். அது கணவனின் செத்துப்போன முதல் மனைவி உடுத்திய உடை. அடிப்படிக்கு வருமுன்பே குடும்பத்தார் முகங்கள் மாறிவிடுகின்றன. ஆனால் பாதிப் படியில் யாரும் திரும்ப முடியாது. 'சன்செட் பூலவார்ட்' (1950) இந்த இலக்கணத்தின் உச்சம். கொலை செய்துவிட்ட நார்மா டெஸ்மண்டைக் கீழே இறக்க வேண்டும், போலீஸ் காத்திருக்கிறது. நியூஸ்ரீல் கேமராக்கள் வந்திருப்பதாகச் சொன்னதும் தம் படப்பிடிப்பு என்றெண்ணி இறங்கி வருகிறார். கீழிருந்து அவரை இயக்கும் வேலைக்காரர் வேடத்தில் எரிக் வான் ஸ்ட்ரோஹைம். அவர் நார்மாவாக நடித்த குளோரியா ஸ்வான்சனை நிஜமாகவே 'குவீன் கெல்லி'யில் இயக்கியவர். ஒரு நடிகைக்குப் புத்தி பேதலித்த பின்னும் படியில் எப்படி இறங்குவது என்பது மட்டும் மறக்கவில்லை. ஸ்வான்சனுக்கு விருது கிடைக்கவில்லை, கறுப்பு வெள்ளைக் கலை இயக்கத்துக்குக் கிடைத்தது. அதைப் பெற்றவர்களில் ஒருவரான ஜான் மீஹன், முந்தைய ஆண்டும் 'தி ஏரஸ்' என்ற படத்துக்காக அதே விருதைப் பகிர்ந்துகொண்டவர். அந்தப் படம் எதில் முடிகிறது? ஒலிவியா டி ஹாவிலண்ட் தன்னை ஏமாற்றிய காதலன் முகத்தில் கதவைத் தாழிடச் சொல்லிவிட்டு, அவன் வெளியே தட்டத் தட்ட, கையில் விளக்கோடு மாடிப்படி ஏறுகிறார். இரண்டு ஆண்டு, இரண்டு படி, இரண்டு விருது. தற்செயல் என்று சொல்வோர் சொல்லிக்கொள்ளட்டும்.

ஏறுவதில் உள்ள மறைப்புக்கு ஹிட்ச்காக்கின் 'சஸ்பிஷன்' (1941) போதும். கேரி கிராண்ட் ஒரு தம்ளர் பாலோடு இருட்டில் படியேறுகிறார். பாலில் விஷமா என்பது கேள்வி. பார்வை வேறெங்கும் போகாதிருக்கப் பாலுக்குள்ளேயே சிறு விளக்கை வைத்தார் ஹிட்ச்காக். இங்கே நடிப்பது கிராண்ட் அல்லர்; தம்ளரும் படியுமே. இதைவிடக் கடுமையானது வில்லியம் வைலரின் 'தி லிட்டில் ஃபாக்ஸஸ்' (1941). கணவனுக்கு நெஞ்சுவலி, மருந்துப் புட்டி உடைந்துவிட்டது, மாற்றுப் புட்டி மாடியில். மனைவி பெட்டி டேவிஸ் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். அவர் முகம் துல்லியமாக. பின்னால் கணவன் படியில் தவழ்ந்து ஏறிச் சரிவது மங்கலாக. பிரெஞ்சு விமர்சகர் ஆந்த்ரே பாசான் இந்த மங்கலைப் பற்றி விரிவாகவே எழுதியிருக்கிறார். அவர் எழுதாமல் விட்டதை நாம் எழுதுவோம்: கணவனாக நடித்த ஹெர்பர்ட் மார்ஷல் முதல் உலகப் போரில் ஒரு காலை இழந்தவர். பின்னால் மங்கலாகத் தவழ்வது ஒரு மாற்று ஆள். ஆகவே, சினிமாவின் மிகப் புகழ்பெற்ற மரணங்களுள் ஒன்றில் நட்சத்திரம் இல்லை. படி மட்டும் அசல்.

இதற்கு மறுப்புகள் உண்டு. முதலாவது, குளோசப்புக்கு என்ன பதில்? கிரேட்டா கார்போவின் முகம் ஒன்றே போதாதா? போதும், மறுக்கவில்லை. முகம் வந்து சேர்ந்த பிறகு அதை நெருங்கிக் காட்ட குளோசப் வேண்டும். ஆனால் முகம் வந்து சேர வேண்டுமே. வருகை என்ற ஒன்றில்லாத முகம் பாஸ்போர்ட் படம்.

இரண்டாவது மறுப்பு கனமானது. ரசிகர்கள் எல்லாவற்றையும்விடக் கொண்டாடும் 'காசாபிளாங்கா' (1942) சமதளத்தில், ஒரு விமான நிலையத்தில் முடிகிறதே எனின், ஆம். ஆனால் நாயகன் ரிக் குடியிருப்பது தன் கஃபேயின் மாடியில். நாயகி இல்ஸா துப்பாக்கியோடு அங்கே போனபின் இருவரும் அணைத்துக்கொள்ள, கேமரா ஜன்னலுக்கு வெளியே விமான நிலையக் கோபுர விளக்குக்குத் தாவி ஓடி, திரும்பி வரும்போது ரிக் சிகரெட் புகைத்துக்கொண்டிருக்கிறார். பிரீன் அலுவலகத்தை மீண்டும் ஒருமுறை மாடி காப்பாற்றியிருக்கிறது. மேலும், விமானத்தில் ஏறித்தான் ஆக வேண்டும். கௌபாய் படங்களைக் காட்டி மூன்றாவதாக மறுப்பவர்களுக்குப் பதில் சுருக்கம்: பாலைவனத்தில் படி கிடையாதுதான், அதனால்தான் ஒவ்வொரு ஊரிலும் மாடி வைத்த ஒரு சலூனைக் கட்டினார்கள்.

நான்காவது, இது பணக்காரர் வீட்டு அலங்காரம்தானே, இதில் என்ன காதல் என்பது. பில் ராபின்சனின் பெயரே இதற்கு விடை. வாடவில் மேடைகளில் படி நடனத்துக்கே பேர்போன அந்தக் கறுப்பினக் கலைஞர் 'தி லிட்டில் கர்னல்' (1935) படத்தில் வேலைக்காரராக வந்து, சிறுமி ஷெர்லி டெம்பிளோடு ஒரு மாடிப்படியில் தட்டி ஆடி மேலேறுகிறார். கறுப்பரும் வெள்ளையரும் இணையாக ஆடுவது ஹாலிவுட்டில் அதுவே முதன்முறை; கைகோத்த காட்சி தென் மாநிலங்களில் வெட்டப்பட்டது. கூடத்தில் அவர்கள் சேர்ந்து ஆடியிருக்க முடியாது. படியில் முடிந்தது, அதுவும் எஜமானின் பேத்தியைத் தூங்க அனுப்பும் சாக்கில்.

ஐந்தாவது மறுப்பு நமக்கு உதவியாகவே முடிகிறது. படிதான் மூலம் என்றால், 1953க்குப் பிறகும் படிகள் இருந்தனவே, அந்த மோகம் ஏன் குறைந்தது? அந்த ஆண்டு 'தி ரோப்' படத்தோடு சினிமாஸ்கோப் வந்தது. உயரம் ஒன்றுக்கு அகலம் இரண்டரைக்கு மேல். அந்தத் திரையில் படுத்திருப்பவர் கம்பீரமாகத் தெரிவார்; படியில் நிற்பவர் தொலைந்துபோவார். விளைவைப் பாருங்கள். 1958இல் ஹிட்ச்காக் எடுத்த 'வெர்டிகோ'வில் நாயகன் ஜேம்ஸ் ஸ்டுவர்ட்டுக்குப் படியேறவே பயம். 1960இல் 'சைக்கோ'வில் ஒரு துப்பறிவாளர் துணிந்து ஏறுகிறார். கத்திக்குத்து வாங்கிப் பின்பக்கமாகவே இறங்குகிறார். நட்சத்திரத்துக்கும் படிக்கும் இருந்த உறவு முறிந்ததற்கு இதைவிடத் தெளிவான ஆவணம் வேண்டியதில்லை.

உழைப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆர்சன் வெல்ஸின் 'தி மேக்னிஃபிசண்ட் ஆம்பர்சன்ஸ்' (1942) படத்துக்காக ஆர்.கே.ஓ. ஸ்டூடியோ கட்டிய மாடிப்படி, அந்தப் படத்தில் எல்லோரையும்விட நன்றாக நடித்தது. ஸ்டூடியோ படத்தை வெட்டி 88 நிமிடமாக்கியது, வெல்ஸை வெளியேற்றியது, படியை மட்டும் வைத்துக்கொண்டது. அதே ஆண்டு 'கேட் பீப்பிள்' என்ற மலிவுப் பேய்ப்படத்தில், நாயகி குடியிருக்கும் கட்டடத்தின் படியாக அது மறுபடி வந்து நின்றது, பெயர்ப்பட்டியலில் இடமில்லாமல். நடிகர்களுக்கோ நீதி கிடைத்தது: ஒப்பந்தத்தை இஷ்டத்துக்கு நீட்டிய வார்னர் பிரதர்ஸ் மேல் டி ஹாவிலண்ட் வழக்குப் போட, ஏழாண்டுக்கு மேல் யாரையும் பிடித்துவைக்க முடியாது என்று 1944இல் கலிஃபோர்னியா நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பின் பயன் படிகளுக்கு நீட்டிக்கப்படவில்லை.

இறுதிச் சான்று எல்லைக்கு இரண்டாண்டு முந்தியது, முன்பே எச்சரித்திருக்கிறோம். லாரலும் ஹார்டியும் 1932இல் நடித்த 'தி மியூசிக் பாக்ஸ்' குறும்படத்தில் ஒரு பியானோவை 133 படிகள் கொண்ட தெருப்படியில் மேலே கொண்டுபோகிறார்கள். அது உருண்டு விழுகிறது, மறுபடி ஏற்றுகிறார்கள், மறுபடி உருள்கிறது. மேலே கொண்டுசேர்த்த பின் ஒரு தபால்காரர், சுற்றிவர வண்டிப்பாதை இருக்கிறதே என்கிறார். உடனே பியானோவைக் கீழே இறக்கி, வண்டியில் ஏற்றி, பாதை வழியே திரும்பக் கொண்டுவருகிறார்கள். அந்தப் படிகள் செட் அல்ல. லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தின் சில்வர் லேக் பகுதியில் வீடுகளுக்கு நடுவே இன்றும் இருக்கின்றன. அங்கே லாரலும் இல்லை, ஹார்டியும் இல்லை, பியானோவும் இல்லை. ரசிகர்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். வண்டிப்பாதை இருப்பது படம் பார்த்த எல்லோருக்கும் தெரியும். யாரும் அதன் வழியே போவதில்லை.