சிவப்புக் கோடும் என் சகலையும்

போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பச்சை, மஞ்சள், சிவப்பு எதைப் பார்த்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கனடாவிலிருந்து வந்திருக்கும் சகலை, சிம்கோ ஏரியில் பனிக்கட்டியைத் துளைத்து மீன் பிடிக்க வாங்கிய சோனார் கருவியைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து, பெண்ணாடத்து வெள்ளாற்றில் இறக்கிவிட்டார். பனிக்கட்டியை விடுங்கள், தண்ணீரே மணல் அள்ளிய பள்ளத்தில்தான் நின்றது.

கருவியைக் குறை சொல்ல முடியாது. அது அனுப்பும் ஒலி தண்ணீரில் நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடி, எதிலாவது முட்டித் திரும்பும். மீன் என்றால் பெரும்பாலும் அதன் வயிற்றுக் காற்றுப்பையில் முட்டும். 1948-லேயே ஜப்பானின் ஃபுரூனோ சகோதரர்கள் இதைக் கடல் மீனவர்களுக்குச் செய்து கொடுத்துவிட்டார்கள். தொல்லையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பலன் சொல்கிறவரால்தான்.

வட்டத் திரையை மடியில் வைத்துக்கொண்டு சகலை ஜாதகம் கணிக்க ஆரம்பித்தார். அடியில் அசையாமல் நிற்கும் சிவப்பு, தரை. மெல்லிய பச்சை வந்தால் மீன் ஓரமாகப் போகிறது. தடித்து மஞ்சளானால் நெருங்குகிறது. சிவந்தால் நேர் கீழே நிற்கிறது. சிவந்தும் கடிக்கவில்லையா? பசியில்லை. மறைந்துவிட்டதா? நம் நிழலைப் பார்த்துவிட்டது. மறுபடி வந்ததா? யோசித்துவிட்டு வருகிறது. இரண்டு கோடா? ஜோடி. ஒன்று போய்விட்டதா? சண்டை. ரொம்ப நேரம் ஒன்றுமே வராதபோது, அஷ்டமத்தில் சனி என்று சொல்லாததுதான் பாக்கி. விருத்தாசலத்துச் செராமிக் பொம்மை ஒன்று உடைந்து கிடந்தாலும் சிவப்புதானே காட்டும் என்றேன். "சகல, பொம்மை நகராது" என்றார். ஜோடி, சண்டை, பசி, யோசனை எல்லாம் இருக்கும் மீன் மட்டும் நகர்ந்ததா என்ன?

இருபது பாகைக் கூம்பாம். நாலடித் தண்ணீரில் அதற்குத் தெரிவது ஒன்றரை அடி வட்டம். அதைப் பார்க்கத்தான் ஊர்ப் பையன்கள் அத்தனை பேரும் குனிந்து நின்றார்கள். நானும்தான். கழுத்து இன்னும் இடப்பக்கம் திரும்ப மறுக்கிறது. ஒரு பயலாவது தண்ணீரைப் பார்க்க வேண்டுமே!

எதிர்க்கரையில் வீச்சு வலையோடு நின்றிருந்த பெரியவர், "தம்பி, விரால் காத்து குடிக்க மேல வருது பாருங்க" என்று கை காட்டினார்.

சகலை திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. "இங்க ஒண்ணும் காட்டலையே பெரியப்பா."

பெரியவர் வலையை வீசினார். ஈயக்குண்டுகள் தொபதொபவென்று எங்கள் பக்கமாக விழ, திரை முழுக்கச் சிவந்தது.

"கூட்டம் வருது, கூட்டம் வருது!" என்று கத்தினார் சகலை.