நீம் நகரத்து முதலை

தென் பிரான்சில், ரோன் ஆற்றுக்கு மேற்கே உள்ளது நீம் நகரம். அதன் சின்னம் ஒரு சிவப்புக் கேடயம். கேடயத்தின் நடுவே பச்சைப் பேரீச்ச மரம், அதில் பொன் சங்கிலியால் கட்டப்பட்ட பச்சை முதலை, கூடவே ஒரு வெற்றி மாலை. மரத்தின் ஒரு பக்கம் 'கோல்' என்றும் மறுபக்கம் 'நெம்' என்றும் லத்தீன் எழுத்துகள். அந்த வட்டாரத்தின் ஆறுகளிலும் குளங்களிலும் முதலை கிடையாது. அங்கே திரிவது காமார்க் சதுப்பு நிலத்தின் கருங்காளை. நகரத்தின் பழைய சின்னமும் பொன்னிறக் காளைதான். கண்ணெதிரே நிற்கும் காளையை விட்டுவிட்டுக் காணாத முதலையை ஒரு நகரம் ஏன் தேர்ந்தெடுத்தது?

விடை ஒரு செப்புக் காசில் இருக்கிறது. ரோமப் பேரரசர் அகஸ்டஸ் காலத்தில் நீமில் அச்சடித்த காசு அது. ஒரு முகத்தில் அகஸ்டஸும் அவருடைய தளபதி அக்ரிப்பாவும் முதுகோடு முதுகாக இருக்கிறார்கள். மறுமுகத்தில் மரமும் முதலையும் சங்கிலியும். 'கோல் நெம்' என்பது நெமாசுஸ் குடியேற்றம் என்பதன் சுருக்கம். நகரத்துக்குப் பெயர் தந்த நெமாசுஸ், அதன் ஊற்றின் தெய்வம். கி.மு. 31இல் ஆக்டியம் கடற்போரில் ரோமானியத் தளபதி ஆண்டனியும் எகிப்து அரசி கிளியோபாட்ராவும் அகஸ்டஸிடம் தோற்றார்கள். மறு ஆண்டு எகிப்து ரோமின் கைக்கு வந்தது. முதலை அந்த எகிப்துதான். கடற்போரை நடத்தி வென்றவர் அக்ரிப்பா என்பதால், அவர் தலையில் கப்பல் மூக்குகள் பதித்த மகுடம்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கி.மு. 28இல் ரோம் வெளியிட்ட வெள்ளிக் காசிலும், எகிப்து பிடிபட்டது என்ற வாசகத்தோடு, முதலை வருகிறது. ஆனால் அது தனியாக நிற்கிறது; சங்கிலி இல்லை. மரத்தை நட்டு அதில் முதலையைக் கட்டிப்போட்டது நீம் காசு. தலைநகரமே போதும் என்று நினைத்த இடத்தில், நேற்றுவரை தானே ரோமுக்கு அடங்கிய காலியா (பழைய பிரான்ஸ்) நாட்டு ஊராக இருந்த நீம் ஒரு சங்கிலியைக் கூட்டியது. புதிதாகச் சேர்ந்தவரின் விசுவாசம் எப்போதும் ஒரு சுற்று அதிகம். இந்தச் சின்னத்தின் முதல் பொருள் இதுதான் என்பேன்.

எகிப்துப் போரில் சண்டையிட்ட ரோமானிய வீரர்களை அகஸ்டஸ் நீமில் குடியமர்த்தினார், அவர்கள் நினைவாகவே முதலை வந்தது என்று ஊரில் காலங்காலமாகச் சொல்வார்கள். நல்ல கதை, நிற்காது. நீமுக்கு இருந்தது லத்தீன் உரிமை என்று பழங்காலப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதுகிறார்: அங்கே நகரப் பதவி வகித்தவர்களே ரோமக் குடியுரிமை பெறுவார்கள். படைப்பிரிவு வீரர்களோ ஏற்கெனவே ரோமக் குடிமக்கள். அவர்களுக்காக நிறுவிய ஊருக்கு இப்படி ஒரு அரைப்படி உரிமை எதற்கு?

காசு வெகுதூரம் போனது. ரைன் கரைப் படைமுகாம்களில் ஏராளமாகக் கிடைத்திருக்கிறது. சில்லறைத் தட்டுப்பாட்டில் அதை இரண்டாக வெட்டிப் பாதி மதிப்புக்கும் புழங்கினார்கள். பேரரசர் ஒரு துண்டில், தளபதி மறு துண்டில்.

பதினைந்து நூற்றாண்டுகள் கழித்து, உழும்போதும் தோண்டும்போதும் கிடைத்த அந்தக் காசுகளை நீம் மக்கள் புதுக் கண்ணோடு பார்த்தார்கள். பழைய ரோமைத் தேடி ஐரோப்பியக் கல்விமான்கள் அலைந்த காலம் அது. 1535இல் மன்னர் முதலாம் பிரான்சுவா முதலையை நகரச் சின்னமாக்க ஒப்புதல் தந்தார். காளை எந்த ஊருக்கும் பொருந்தும். 'கோல் நெம்' என்று பெயர் பொறித்த முதலை ஒரே ஊருக்குத்தான் பொருந்தும். எகிப்தின் தோல்வியைச் சொன்ன படம் அந்த நாளில் நீமின் தொன்மைக்குச் சான்றுப் பத்திரமாக மாறியது.

கேடயச் சின்னக் கலையின் அடிப்படை விதி ஒன்றையும் நீமின் சின்னம் மீறுகிறது. பொன்னும் வெள்ளியும் உலோகங்கள். சிவப்பு, பச்சை, நீலம் முதலியவை நிறங்கள். நிறத்தின்மேல் நிறமும் உலோகத்தின்மேல் உலோகமும் கூடாது. போர்க்களத்தில் தொலைவிலிருந்து கேடயம் தெரிய வேண்டும் அல்லவா? சிவப்பின்மேல் பச்சை முதலை தெளிவான மீறல். வெள்ளியின்மேல் பொன் சிலுவை வைத்த ஜெருசலேம் அரசும் இப்படி மீறியது. மீறிய சின்னத்துக்குக் காரணம் கேட்க வேண்டும் என்பது மரபு. நீமின் காரணம் எனக்கு எளிதாகப் புரிகிறது. பொன்முதலை விதிக்குப் பொருந்தியிருக்கும். ஆனால் அது கற்பனை மிருகம். இவர்களுக்கு வேண்டியது நிஜ முதலை.

அந்த ஆசையின் ஆழத்தை நகர மன்றக் கட்டடத்தில் பார்க்கலாம். மாடிப்படிக்கு மேலே, பாடம் செய்த நான்கு முதலைகள் தொங்குகின்றன. 1980களில் வடிவமைப்பாளர் பிலிப் ஸ்டார்க் சின்னத்தைப் புதிதாக வரைந்தார். முதலையும் மரமும் தப்பின. நீம் கால்பந்து அணிக்காரர்களுக்கு 'முதலைகள்' என்றே பட்டம்.