எஸ்டிமேட் பெரியப்பா

விழுப்புரத்தில் மாற்றல் உத்தரவு வாங்கியவர் அதை முதலில் யாரிடம் சொல்வார்? மனைவியிடம் என்று நினைப்பவர்களுக்கு இந்த ஊர் பழக்கமில்லை. வீட்டுக்குள் தகவல் நுழைவதற்கு முன்பே வாசலில் பெரியப்பா வந்து நிற்பார். ஒரு கையில் நீள நோட்டு, மறு கையில் டேப். சட்டைப் பையில் இரண்டு பேனா. நீலம் செலவுக்கு, சிவப்பு வீண் செலவுக்கு.

சொந்தத் தம்பி பிள்ளைகள் அவரைப் பெரியப்பா என்று கூப்பிட்டுப் பல வருஷமாகிறது. ஆனால், ஊரில் மாற்றலாகிற அத்தனை பேருக்கும் அவர் பெரியப்பாதான். ஆள் குறைவதாகவும் இல்லை. சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, காட்பாடி, புதுச்சேரி என்று ஐந்து பக்கம் ரயில் பிரிகிற ஜங்ஷன் இது. கலெக்டர் ஆபீஸ் இருக்கிறது. அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் கோட்டத் தலைமையகம் இருக்கிறது. முண்டியம்பாக்கத்தில் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எந்த நேரம் பார்த்தாலும் தெருவில் ஒரு வீடு காலியாகிக்கொண்டிருக்கும், இன்னொரு வீட்டில் பால் காய்ந்துகொண்டிருக்கும். இரண்டு வீட்டிலும் பெரியப்பா காபி குடித்துக்கொண்டிருப்பார்.

ரயில்வேயில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். பணியில் இருந்த காலத்தில் அடுத்தவர்களின் இடமாற்றப் பில்லைப் பார்த்துப் பார்த்தே பாதி வயசு போயிற்று. பென்ஷன் வந்த பிறகும் கை சும்மா இருக்கவில்லை.

கோயம்புத்தூருக்கு மாற்றலான மத்திய அரசு அலுவலகத் தம்பி ஒருவர் வீட்டில் அவர் எஸ்டிமேட் போட்டதைப் பார்த்தால் மனிதரின் முழு அளவும் விளங்கும். நுழைந்ததும் நாற்காலியில் உட்காரவில்லை. பீரோவை விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டினார்.

"கேஜ் கனமான தகடு. நூத்திப் பத்து கிலோ. உள்ள பட்டுப்புடவை எத்தினிம்மா?"

"அதெல்லாம் எதுக்குப் பெரியப்பா?"

"எடைக்குத்தான்மா. எண்ணிக்கை உன் வீட்டுக்காரருக்குத் தெரியவேணாம்."

கட்டிலுக்கு டேப் பிடித்தார். பிரிட்ஜின் பின்பக்கம் குனிந்து பார்த்தார். வாஷிங் மெஷின் முன்னால் கதவு திறக்கிற வகை என்றதும் முகம் மாறியது. "டிரான்சிட் போல்ட் எங்க?" என்றார். உள்ளே டிரம் ஆடாமல் இருக்க, கம்பெனியிலிருந்து வரும்போது பின்புறம் முடுக்கி அனுப்புகிற நீளமான போல்ட்டுகள் அவை. பொருத்த வந்த பையன் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டுப் போவான். அன்று சாயங்காலமே அவை தொலைந்துவிடும். இந்த வீட்டிலும் தொலைந்திருந்தன. பெரியப்பா பையிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்துக் குலுக்கினார். ஊரார் வீட்டில் உருண்டு கிடந்த போல்ட்டெல்லாம் அதற்குள் இருந்தன.

அப்புறம் விதிகள். மத்திய அரசில் 2017-இல் வந்த இடமாற்றப் படி உத்தரவு அவருக்குத் தலைகீழ்ப் பாடம். 20 கிலோமீட்டருக்கு மேல் மாற்றினால் கடைசி மாத அடிப்படைச் சம்பளத்தில் 80 சதவீதம் மொத்தமாகக் கிடைக்கும். அதற்குள் என்றால் மூன்றில் ஒரு பங்குதான். "விழுப்புரத்திலேருந்து விக்கிரவாண்டிக்கு மாத்துனான்னு வை, நஷ்டம். திண்டிவனத்துக்கு மாத்துனான்னு வை, லாபம். மாத்தறவன் காலைப் புடிச்சாவது திண்டிவனம் கேட்டு வாங்கணும்" என்பது அவர் சித்தாந்தம்.

சாமானுக்கும் அதே உத்தரவில் கணக்கு உண்டு. நான்காம் நிலைச் சம்பளம் வரை 1,500 கிலோ, ஐந்தாம் நிலைக்கு 3,000 கிலோ, ஆறுக்கு மேல் 6,000 கிலோ. தம்பி ஆறாம் நிலை. வீட்டுச் சாமான் மொத்தமும் 2,000 கிலோ தேறவில்லை. பெரியப்பாவுக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது.

"இன்னும் நாலாயிரம் கிலோ சும்மா போவுதே தம்பி!"

"அவ்வளவு சாமான் இல்லையே, பெரியப்பா."

"சம்பாதிக்கிற வயசுல வாங்கிப் போட்டிருக்கணும்."

ஒரு வீட்டைக் காலி செய்வதில் அவர் கண்டுபிடித்த உண்மை ஒன்று உண்டு. அதற்காகவே அவருக்கு எத்தனை காபி வேண்டுமானாலும் கொடுக்கலாம். "ரோடு மலிவு தம்பி. ரெண்டு முனையிலதான் செலவு" என்பார். எல்லோரும் லாரி வாடகையைத்தான் பேரம் பேசுவார்கள். முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிற ஐச்சரிடம் ஐந்நூறு ரூபாய் குறைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வருவார்கள். இந்த முனையில் ஏற்றுக்கூலி, மாடிக்குத் தனிக்கூலி, டிரைவருக்குப் பேட்டா, வீட்டுக்காரர் அட்வான்ஸில் பெயிண்ட் அடிக்கப் பிடித்துக்கொள்கிற ஒரு மாத வாடகை. அந்த முனையில் இறக்குக்கூலி, புரோக்கருக்கு ஒரு மாதம், புது ஜன்னல் அளவுக்குப் புதுத் திரை, பழைய ஊர் பிளக் நுழையாத சுவருக்குப் புது சுவிட்ச் பாக்ஸ். அட்வான்ஸ் என்று வந்தால் வாடகைச் சட்டம் மூன்று மாதம் என்கிறது, வீட்டுக்காரர் பத்து மாதம் என்பார், நாம் ஐந்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சட்டத்தை மெச்சிக்கொள்வோம்.

கேஸ் இணைப்பைப் பற்றிப் பேசும்போது மட்டும் சிவப்புப் பேனாவை எடுப்பார். "இங்க சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைச்சா டெர்மினேஷன் வவுச்சர் குடுப்பான். நீ கல்யாணம் ஆனப்போ கட்டுன டெபாசிட் எவ்வளவோ, அதுதான் திரும்பும். அங்க போனா இன்னிக்கு ரேட்டு. 2022 ஜூன்லேருந்து சிலிண்டருக்கு 2,200, ரெகுலேட்டருக்கு 250." இடமாற்றத்தில் மனிதனுக்கு வயசாகிறது, டெபாசிட்டுக்கு மட்டும் ஆவதில்லை என்று தம்பியின் மனைவி சொன்னதை, நல்ல வாக்கியம் என்று நோட்டின் ஓரத்தில் குறித்துக்கொண்டார்.

எல்லாம் சுமுகமாகப் போய்க்கொண்டிருந்தது, கொல்லைப்புறத்தில் ஆட்டுக்கல்லைப் பார்க்கும் வரை.

"இது எதுக்குமா? கிரைண்டர்தான் இருக்குதே."

"எங்கம்மா குடுத்தது."

பெரியப்பாவின் விதி தெளிவானது: சாமானின் இன்றைய விலையைவிட அதைக் கொண்டுபோகிற கூலி அதிகமென்றால் பழைய இரும்புக்காரனுக்கோ பக்கத்து வீட்டுக்கோ தள்ளிவிட வேண்டும். கல்லை ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. அந்தம்மாவைப் பார்த்தார். அங்கும் அசைவில்லை. இதில் கடைசியாக எப்போது மாவு ஆட்டினாய் என்று கேட்க வாயெடுத்தவர், தம்பி பின்னாலிருந்து கண்ணைக் காட்டியதால் அடக்கிக்கொண்டார். நோட்டில் புதிதாக ஒரு தலைப்பு எழுதினார்: ‘சென்டிமென்ட்’. எடை 60 கிலோ. விலை என்ற கட்டத்தில் ஒரு கோடு. லோடுமேன்கள் கல்லுக்குத் தனியாகக் கேட்பார்கள் என்று பக்கத்தில் சிறிய எழுத்து.

பிறகு நாள் பார்க்கும் படலம். உத்தரவு ஆனியில் வந்திருந்தது. ஆனி முடிவதற்குள் பால் காய்ச்சாவிட்டால் ஆடி குறுக்கே படுத்துவிடும், ஆவணி வரை இரண்டு ஊரிலும் வாடகை. பெரியப்பாவுக்கு சாஸ்திரத்தில் பெரிய பிடிப்பு கிடையாது. ஆனால், ஆடிக்கும் ஒரு வரி ஒதுக்குவார்: ‘ஆடி – ஒரு மாத வாடகை, காலி வீட்டுக்கு.’ கடைசி வாரத்தில் ஒரு முகூர்த்தம் தேடி, அன்று பாலையும் மரக்காணத்து உப்பில் ஒரு பாக்கெட்டையும் மட்டும் பஸ்ஸில் அனுப்பி வீட்டுக்குள் வைத்துவிட்டு, சாமானை ஆடியில் நிதானமாக ஏற்றலாம் என்று வழியும் சொல்வார். ஆடியில் லாரிக்காரர் சும்மா இருப்பார், வாடகை படியும். தெய்வமும் கோபித்துக்கொள்ளாது, பட்ஜெட்டும் கோபித்துக்கொள்ளாது.

திண்டிவனத்திலும் இதே ஜாதியைச் சேர்ந்த ஒருவர் இருக்கிறார். அவர் ரோட்டுக்காரர். சென்னை, திருச்சி, புதுச்சேரி, கிருஷ்ணகிரி என்று சாலைகள் வந்து சேரும் ஊரில் வேறு எப்படி இருப்பார்? அவருடைய மந்திரம் ரிட்டன் லோடு. கோடையில் அந்தச் சுற்றுவட்டாரத்துத் தர்பூசணி லாரி லாரியாக வெளியூர் போகும். திரும்புகிற வண்டி காலியாக வரும். சென்னையிலிருந்து திண்டிவனத்துக்குக் குடிவருகிறவருக்கு அந்த வண்டியைப் பிடித்துக் கொடுத்துவிடுவார். வாடகை பாதி. தளத்தில் மிச்சமிருக்கிற வைக்கோல் சாமானுக்கு மெத்தை. அந்த வீட்டுத் தலையணையில் மட்டும் மூன்று மாதத்துக்குப் பழ வாசனை அடிக்கும்.

இருவருக்கும் ஆகாது. "விழுப்புரத்தான் மெட்ராஸுக்குச் சாமான் ஏத்துனா விக்கிரவாண்டி, ஆத்தூர், பரனூர்னு மூணு டோல். எனக்கு ரெண்டுதான்" என்பார் திண்டிவனத்துக்காரர். "டோலைக் கணக்கு போடறவன் கூலியைக் கோட்டை வுட்டுடுவான்" என்பார் பெரியப்பா. ஊர்ப் பெருமை முற்றிப்போனால் திண்டிவனத்துக்காரர் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்தை இழுப்பார். டி.எம்.வி. என்று ஊர்ப் பெயரைச் சுமந்துகொண்டு நிலக்கடலை ரகங்கள் எத்தனையோ ஊருக்குக் குடிபோயினவே, உன் ஊரிலிருந்து அப்படி என்ன போயிற்று என்பார். பெரியப்பா அசர மாட்டார். "1993 செப்டம்பர் 30. தென்னாற்காட்டிலேருந்து நாங்க எல்லாரும் ஒரே ராத்திரியில விழுப்புரம் மாவட்டத்துக்குக் குடிவந்தோம். 2019-ல கள்ளக்குறிச்சிக்காரங்க தனியாப் போனாங்க. ஒரு ரூபா லோடிங் சார்ஜ் உண்டா? திண்டிவனமும் அந்த லோடுல வந்ததுதான்யா." அதற்குத் திண்டிவனத்திடம் பதில் இல்லை.

சாமான் ஏற்றுகிற நாளில் பெரியப்பா தலைப்பாகை கட்டாத மேஸ்திரி. மெடிக்கல் ஷாப்பிலும் பழக்கடையிலும் சொல்லி வைத்து வாங்கிய அட்டைப்பெட்டிகள் வந்துவிட்டன. கனமானது அடியில், புத்தகம் சின்னப் பெட்டியில், சாமி படம் டிரைவர் பக்கத்தில். பிரிட்ஜை நிற்க வைத்துத்தான் ஏற்ற வேண்டும், போய்ச் சேர்ந்ததும் சில மணி நேரம் சும்மா விட்டுப் பிறகுதான் சுவிட்ச் போட வேண்டும். ஸ்கூட்டரை ரயிலில் புக் செய்வதென்றால் டேங்கில் ஒரு சொட்டு பெட்ரோல் இருக்கக் கூடாது, ஆர்.சி. நகல் வேண்டும், சாக்குச் சுற்ற வேண்டும். எல்லாம் சொன்னபடி நடந்தது. கடைசியில் அவருடைய சொந்தக் கயிற்றால் மேல்கட்டு கட்டினார்கள். நல்ல நைலான் கயிறு. எஸ்டிமேட்டின் அடியில் கோடு போட்டு எழுதியிருந்தார்: ‘கயிறு – திரும்ப வேண்டும்.’

பத்து நாள் கழித்து அவரே போன் போட்டார். இதுதான் அவர் வாங்குகிற ஒரே கட்டணம்: வரி வரியாக உண்மைக் கணக்கைச் சொல்ல வேண்டும். லாரிக்கு அவர் போட்டதைவிட 2,000 கூட ஆகியிருந்தது. லிப்ட் வேலை செய்ததால் மாடிக்கூலி மிச்சம். புரோக்கர் தூரத்துச் சொந்தமாகிவிட்டதால் பாதி. ஆட்டுக்கல்லை இறக்க அங்கே 800 கேட்டார்கள். வாஷிங் மெஷின் பிழைத்தது, அதை வைக்க ஸ்டாண்டு வாங்க வேண்டியதாயிற்று. ஒரு வரிகூட எஸ்டிமேட்டோடு ஒத்துப்போகவில்லை. கூட்டிப் பார்த்தால் மொத்தம் 140 ரூபாய்தான் வித்தியாசம். பெரியப்பாவின் ஐம்பது வருஷக் கீர்த்திக்கு இதுதான் அஸ்திவாரம். எங்கே செலவாகும் என்று அவருக்குத் தெரியாது. எவ்வளவு ஆகும் என்பது மட்டும் துல்லியமாகத் தெரியும். மாற்றலாகிறவருக்கு வேண்டியதும் அந்த இரண்டாவதுதானே.

"சரி தம்பி, கயிறு?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு தம்பியின் மனைவி வாங்கிப் பேசினாள்.

"பால்கனியில துணி காயப்போடக் கட்டிட்டோம், பெரியப்பா. ரொம்ப உறுதியா இருக்குது."

"இருக்கட்டும்மா" என்றார் பெரியப்பா. வேறு ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த மாதம் தருமபுரிக்கு மாற்றலான தாலுகா ஆபீஸ்காரருக்கு எஸ்டிமேட் வந்தது. இதரச் செலவு என்ற தலைப்பில் 350 ரூபாய் விளக்கமில்லாமல் நின்றது. "இது என்னங்க பெரியப்பா?" என்று அவர் கேட்டார்.

"கோயம்புத்தூர் லைன்ல நஷ்டம் தம்பி" என்று சொல்லிவிட்டு, பீரோவைத் தட்டிப் பார்க்க உள்ளே போனார்.