மாவுக்கு எட்டு மனை

பணி ஓய்வுக்குப் பிறகு எங்கே குடியேறலாம் என்று யோசிக்கும் பெரியோர்களே, திருப்பனந்தாள் பக்கம் வாருங்கள். சென்னையிலிருந்து வந்து சேர்வதற்குள் இடுப்பு கழன்றுவிடும் என்ற பழைய புகார் இனிச் செல்லாது. சேத்தியாத்தோப்பிலிருந்து சோழபுரம் வரை 50 கிலோமீட்டர் நான்குவழிச் சாலை, கொள்ளிடத்தின் மேல் ஒரு கிலோமீட்டர் பாலம். 2025 ஜூலை 26 அன்று பிரதமரே நாட்டுக்கு அர்ப்பணித்தாயிற்று. சாலைக்குக் கல் நடுவதற்கு முன்பே மனைக்குக் கல் நட்டுவிட்ட தீர்க்கதரிசிகள் எங்கள் ஊர்ப் பக்கத்தில் உண்டு.

கலர் கொடி பறக்கும் இடத்தில் வேன் நிற்கும். போக வர இலவசம், மதியச் சாப்பாடு இலவசம், பத்திரச் செலவு இலவசம், அதிர்ஷ்டமிருந்தால் தங்கக் காசும் இலவசம். நிலத்துக்கு மட்டும்தான் காசு. பலகையில் ‘கார்டன்’, ‘கிரீன்’, ‘அவென்யூ’ என்று எழுதியிருக்கும். உண்மையாகவே பச்சையாக இருந்த காலத்தில் அந்த இடத்துக்குப் பலகை எதுவும் கிடையாது.

கணக்கைக் கேளுங்கள். தஞ்சாவூர்ச் சீமையில் ஒரு குழி 144 சதுர அடி, நூறு குழி ஒரு மா, மூன்று மா ஏறக்குறைய ஓர் ஏக்கர். ஒரு மாவில் 14,400 சதுர அடி. முப்பதுக்கு நாற்பது மனையாகக் கிழித்தால் பன்னிரண்டு; ரோட்டுக்கும் பூங்காவுக்கும் விட்டது போக எட்டு தேறும். அதே மாவில் நெல் போட்டால் பத்துப் பன்னிரண்டு மூட்டை. அந்த மூட்டைகளை நேரடி நெல் கொள்முதல் நிலையத்து வாசலில் குவித்துவிட்டு நாள் கணக்கில் காவல் இருக்க வேண்டும். 2025 அக்டோபரில் அப்படிக் காத்திருந்த குறுவை நெல், மழையில் நனைந்து டெல்டா முழுக்கக் குவியலிலேயே முளைத்தது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் வாங்கமாட்டார்களாம். தளர்த்தலாமா என்று ஆராய டெல்லியிலிருந்து குழு வந்தது. குழு வந்து பார்ப்பதற்குள் முளை நாற்றாகிவிட்டது. இத்தனைக்கும் பிறகு ஒரு சம்சாரி நிலத்தை விற்றால் அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஈரநெல்லுக்குத்தான் மீட்டர் வைத்துப் பார்க்கிறார்கள். நன்செய் நிலத்தின் ஈரத்தைப் பார்த்து, ‘இது மனைக்கு ஆகாது’ என்று சொல்ல ஒரு மீட்டரும் இல்லை.

சட்டம் இல்லையா என்று கேட்காதீர்கள், பிரமாதமாக இருக்கிறது. 2020-இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. தஞ்சாவூர் மாவட்டம் மொத்தமும் அதற்குள். துத்தநாக உருக்காலை கூடாது, தாமிர உருக்காலை கூடாது, தோல் தொழிற்சாலை கூடாது, புதிதாக எண்ணெய், மீத்தேன் எடுக்கக் கூடாது என்று நீளமான பட்டியல். மீத்தேனுக்கு எதிராகத் தெருவில் நின்று வாங்கிய சட்டம் அது. அதை நான் பழிக்கவில்லை. ஆனால் எங்கள் மண்ணியாற்றங்கரையில் துத்தநாகம் உருக்கப் போகிறேன் என்று யார் கிளம்பினார்கள்? கிளம்பியவர்கள் எல்லாரும் அளவுச் சங்கிலியோடு அல்லவா கிளம்பினார்கள்? மனைப்பிரிவு என்ற ஒன்று மட்டும் அந்தத் தடைப் பட்டியலில் இல்லை. திருடனுக்குக் கொல்லைக் கதவைத் திறந்துவிட்டு வாசலில் பீரங்கி நிறுத்தியிருக்கிறோம்.

அனுமதி இல்லாத மனைகளைப் பத்திரம் பதியக் கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஓங்கி ஒரு போடு போட்டது. அரசு என்ன செய்தது? 2017-இல் வரன்முறை விதிகள் கொண்டுவந்தது. முந்திய பாவங்களுக்குக் கட்டணம் கட்டினால் விமோசனம். அதற்கும் ஒரு கடைசித் தேதி வைத்தார்கள். அது பாவம், இன்றுவரை கடைசியாக இருக்க முடியாமல் தவிக்கிறது.

மனையை ரோட்டு மட்டத்துக்கு உயர்த்த வேண்டும் என்று லாரி லாரியாக மண் அடிப்பார்கள். நடுவில் ஓடிய வடிவாய்க்கால் மண்ணுக்கடியில் போய்விடும். புலப்படத்தில் கோடாக இருக்கும், தரையில் இருக்காது. ஐப்பசி அடைமழையில் பக்கத்து வயல்காரனின் சம்பாப் பயிர் கழுத்தளவு நீரில் நிற்கும். வடிய வழியில்லை. ஒரு போகம் பார்ப்பான், இரண்டு போகம் பார்ப்பான். மூன்றாவது போகத்துக்கு அவனே தரகரைத் தேடிப் போவான். விலை பேசாமலே படிந்துவிடும். ‘விவசாயிகள் தாங்களாக முன்வந்து விற்கிறார்கள்’ என்று விளக்கம் சொல்கிறார்களே, அந்த முன்வருதல் இப்படித்தான் நடக்கிறது.

வாங்க வருகிறவர்களும் சாமானியர்கள் அல்லர். இருபது முப்பது வருஷம் முன்னால் இதே டெல்டாவிலிருந்து சென்னைக்குப் போய், ஏரி உள்வாயிலும் ஆற்றங்கரைத் தாழ்விலும் மனை வாங்கியவர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மொட்டை மாடியில் நின்று படகுக்குக் கையாட்டியவர்கள் அவர்களில் உண்டு. அந்த வெள்ளம் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்த பாடம், ஊர் மாறி இன்னொரு வாய்க்காலின் மேல் வீடு கட்ட வேண்டும் என்பது.

அவர்கள் வேனிலிருந்து இறங்கியதும் திசை கேட்பார்கள், வாஸ்து கேட்பார்கள். மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் வடியும் என்று ஒருவர்கூடக் கேட்கமாட்டார். கடைசியாகக் குரலைத் தாழ்த்தி, “அக்கம்பக்கத்துல யார் யார் வாங்கியிருக்காங்க?” என்பார்கள். தரகருக்குக் கேள்வியின் பொருள் தெரியும். “எல்லாம் நம்ம ஆளுங்கதான் சார், கவலைப்படாதீங்க.” பழைய ஊரில் அக்கிரகாரம் ஒரு பக்கம், குடியானத்தெரு ஒரு பக்கம், காலனி வயலுக்கு அப்பால். வயலே வேலியாக இருந்தது. இப்போது வயல் போய்விட்டது, வேலி வேண்டுமே என்று காம்பவுண்டு சுவரும் கேட்டும் வைக்கிறார்கள். அந்த வயலில் நாற்று நட்ட பெண், அதே இடத்தில் கட்டிய வீட்டுக்குப் பாத்திரம் துலக்க வந்தால் கேட்டில் பெயர் எழுதிவிட்டு வரவேண்டும்.

திருப்பனந்தாள் சாதாரண ஊரில்லை. தாடகை என்ற பெண் மாலை சூட்டக் கையுயர்த்தியபோது ஆடை நெகிழ, அவள் மானம் காக்க இறைவன் தலை சாய்த்துக்கொடுத்த தலம். சாய்ந்த லிங்கத்தை அரசனின் யானைகளால் நிமிர்த்த முடியவில்லை. குங்கிலியக் கலயர் தம் கழுத்தில் கயிற்றைப் பூட்டி இழுத்து நிமிர்த்தினார் என்கிறது புராணம். இன்று வளைந்து கிடப்பவை விதிகள். நிமிர்த்துகிறேன் என்று கழுத்தை நீட்டும் அதிகாரி யாரையும் காணோம். கையெழுத்துக்காகக் குனிகிற கழுத்துகள்தான் தெரிகின்றன.

வேளாண் மண்டலச் சட்டத்தின் தடைப் பட்டியலில் ‘நன்செய்யில் மனைப்பிரிவு’ என்று ஒரு வரி சேர்க்கச் சட்டசபைக்கு ஒரு பகல் போதும். சேர்க்கமாட்டார்கள். சேர்க்கச் சொல்லிக் கேட்க வேண்டியவர்களும், சேர்க்க வேண்டியவர்களும், ஆளுக்கு இரண்டு மனைக்கு முன்பணம் கொடுத்துவிட்டு விலை ஏறட்டும் என்று காத்திருக்கிறோம்.