கை தெரியாமல், கை தெரிய

"கை தெரியக் கூடாது" என்பார் எங்கள் மாஸ்டர். எண்பதுகளின் கடைசியில் எங்கள் டிசைன் வகுப்பில் இதைவிடப் பழக்கமான வாக்கியம் கிடையாது. போஸ்டர் கலரில் ஒரு சதுரத்தை நிரப்பிக் கொண்டுபோய் நீட்டினால், அட்டையை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்ப்பார். பக்கவாட்டில் விழும் வெளிச்சத்தில் பிரஷ் போன தடம் வரி வரியாகத் தெரிந்துவிடும். தெரிந்த இடத்தில் பென்சிலால் ஒரு சுழி. அவ்வளவுதான், மறுபடி முதலிலிருந்து. செய்வது கைதான், ஆனால் பார்ப்பவர் கண்ணுக்கு அச்சில் வந்ததுபோல் இருக்க வேண்டும்.

இன்று நான் பாடம் எடுக்கும் வகுப்பில் பிள்ளைகள் டேப்லெட்டை என் பக்கம் திருப்பிக் கேட்கிறார்கள்: "மேம், ஹேண்ட்மேட் ஃபீல் வருதா?" பிசிறே இல்லாமல் கோடு போட வல்ல கருவி அது. அதில் ஓரம் நடுங்கும் பிரஷ், மை காய்ந்துபோன பிரஷ், காகிதத்தின் சொரசொரப்பைக் காட்டும் பிரஷ் என்று தேடித் தேடிச் சேர்க்கிறார்கள். காசு கொடுத்தும் வாங்குகிறார்கள். நாங்கள் மறைக்கப் பாடுபட்டதை இவர்கள் வரவழைக்கப் பாடுபடுகிறார்கள். இப்படித் தலைகீழாகும் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் எங்களில் ஒருவரும் நம்பியிருக்க மாட்டோம்.

இதை வைத்து இந்தக் காலத்துப் பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அந்தக் காலத்தைத் தூக்கிப் பிடிக்கவும் மனமில்லை. இரண்டு வேலையையும் அருகிலிருந்து பார்த்தவள் என்பதால் எழுதுகிறேன்.

போஸ்டர் கலர் சின்னக் கண்ணாடிப் புட்டியில் வரும். திறந்தால் மேலே பசைநீர் தேங்கி நிற்கும். அடிவரை கலக்கி, தட்டில் எடுத்து, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, தோசை மாவுப் பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். கெட்டியாக இருந்தால் தடம் விழும். நீர்த்துப்போனால் காய்ந்தபின் திட்டுத் திட்டாக வெளுக்கும். வேலை முடியும்வரை தேவையான நிறத்தை ஒரே தடவையில் கலந்துவிட வேண்டும். நடுவில் தீர்ந்துபோய் மறுபடி கலந்தால், ஈரமாக இருக்கும்போது ஒன்றாகத்தான் தெரியும், காய்ந்ததும் காட்டிக்கொடுத்துவிடும். ஃபிளாட் பிரஷை ஒரே திசையில் இழுத்து, ஓரம் உலர்வதற்குள் அடுத்த இழுப்பை அதோடு சேர்த்துவிட வேண்டும். மே மாதத்தில்கூட ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் வேலை செய்வோம்.

எழுத்து வேலை இன்னும் கடினம். ஆங்கிலத்துக்கு லெட்ராசெட் இருந்தது. தாளை வைத்துத் தேய்த்தால் எழுத்து அப்படியே அட்டையில் இறங்கிவிடும். தமிழுக்கு எங்கள் கைக்கு எட்டுகிற மாதிரி அப்படி எதுவும் இல்லை. தலைப்பு வேண்டுமென்றால் வரைய வேண்டும். கிராஃப் தாளில் உயரம் குறித்து, டிரேசிங் பேப்பரில் படியெடுத்து, நேர்க்கோடுகளை ரூலிங் பேனாவால் கட்டி, வளைவுகளைப் பிரஷால் முடிப்போம். 'இ', 'ஞ', 'ழ' மூன்றும் பெரும் சோதனை. 'இ'யின் சுழி கொஞ்சம் பெரிதாகிவிட்டால் பக்கத்து எழுத்து சூம்பிப்போனதுபோல் தெரியும். பக்கத்து எழுத்தைச் சரிசெய்தால் சொல்லே சாயும். ஒரே தடிமனில் கோடு இழுக்கும் ரோட்ரிங் பேனா வைத்திருந்தவருக்கு வகுப்பில் தனி மரியாதை. கழுவாமல் விட்டால் அதுவும் மை உறைந்து அடைத்துக்கொள்ளும்.

இவ்வளவு கறாருக்குக் காரணம் இருந்தது. நாங்கள் வரைந்த ஆர்ட்வொர்க் பிராசஸ் கேமராவுக்குப் போகும். அங்கே நெகட்டிவ் எடுத்து, அதிலிருந்து பிளேட் போடுவார்கள். அந்த ஃபிலிமுக்கு அடர் கறுப்பும் வெள்ளையும்தான் தெரியும். மங்கலான கோடு அதில் உடைந்துபோகும், நடுங்கிய ஓரம் அச்சில் இன்னும் அசிங்கமாகத் தெரியும். கை தெரியக் கூடாது என்ற விதி அழகியலிலிருந்து வந்ததைவிட அச்சகத்திலிருந்து வந்தது என்பதை நான் வேலைக்குப் போய், கேமரா அறையில் நின்றபிறகுதான் புரிந்துகொண்டேன். புரிந்தபின் அந்த விதிமேல் மரியாதை கூடியது.

அந்தக் காலத்திலேயே விதியை மீறிய கை ஒன்று எங்கள் கண்முன் இருந்தது. ஓவியர் கே. எம். ஆதிமூலம் சிறுபத்திரிகைகளுக்கும் புத்தக அட்டைகளுக்கும் எழுதிக்கொடுத்த தலைப்பு எழுத்துகளைச் சொல்கிறேன். ஒடிந்து, பிளந்து, ஓரம் பிசிறி நிற்கும் எழுத்துகள் அவை. காந்தி நூற்றாண்டான 1969-ஐ ஒட்டி அவர் வரைந்த காந்தி கோட்டோவியங்களிலும் பேனா போன வேகம் அப்படியே கிடக்கும். அவர் எங்கிருந்தோ வந்தவர் அல்லர். 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய சென்னை ஓவியக் கல்லூரியில் முறையாகப் படித்தவர். ஓரத்தை நறுக்கென்று நிறுத்தத் தெரிந்த கை, வேண்டுமென்றே அதை அவிழ்த்துவிட்டது. அவருடைய எழுத்தைப் பார்த்துப் பிசிறு மட்டும் போட்டவர்கள் எத்தனையோ பேர். அந்த எழுத்துகள் நிற்கவில்லை.

அதே கல்லூரியின் முதல்வராக இருந்த கே. சி. எஸ். பணிக்கர் தலைமையில் 1966-ல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானதும் இந்தக் கதையோடு சேர்ந்ததுதான். ஓவியம் விற்காத காலத்தில் அங்கிருந்தவர்கள் பத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்று வாழ்ந்தார்கள். கைவினை சோறு போட்டது, ஓவியம் பெயர் வாங்கியது. இந்த ஏற்றத்தாழ்வு பற்றிப் பின்னால் வருகிறேன்.

வகுப்பு வேலைகளில் ஸ்கிரீன் பிரிண்டிங்கைத்தான் நான் அதிகம் நேசித்தேன். மரச்சட்டத்தில் போல்டிங் துணியை முரசுத் தோல்போல இழுத்துக் கட்டுவோம். இருட்டில் எமல்ஷன் தடவி உலரவிட்டு, டிரேசிங்கில் வரைந்த கறுப்புப் படத்தை மேலே வைத்து, கண்ணாடியால் அழுத்தி, மொட்டைமாடி வெயிலில் காட்டுவோம். வெயில் பட்ட இடம் இறுகிவிடும். கறுப்பு மறைத்த இடம் தண்ணீர் பட்டதும் கரைந்து, துணியின் கண் திறந்துகொள்ளும்; அதன் வழியே மை தாளில் இறங்கும். நிறத்துக்கு ஒரு சட்டம். நான்கு நிறப் படமென்றால் ஒவ்வொரு தாளும் நான்கு தடவை மேசைக்கு வர வேண்டும். நிறத்தோடு நிறம் பொருந்தும் 'ரெஜிஸ்டர்' மயிரிழை விலகினாலும் இரண்டு நிறத்துக்கு நடுவில் வெள்ளை எட்டிப்பார்க்கும். அப்படி ஆன தாள் வேஸ்ட் கட்டில் சேரும்.

அந்த விலகலுக்கு இன்று ரசிகர்கள் உண்டு. 'ரிசோ லுக்' என்கிறார்கள். ரிசோகிராஃப் என்பது ஜப்பானின் ரிசோ நிறுவனம் எண்பதுகளில் கொண்டுவந்த பிரதியெடுக்கும் இயந்திரம். பள்ளிக்கூடங்களும் அலுவலகங்களும் சுற்றறிக்கை, கேள்வித்தாள் என்று மலிவாக அடித்துக்கொள்ள உதவியது. ஒரு டிரம்முக்கு ஒரு நிறம்; அடுத்த நிறத்துக்குத் தாள் மறுபடி ஓட வேண்டும். அதனால் நிறங்கள் சற்றே தள்ளி விழும். இப்போது பல நாட்டு ஓவியர்கள் அந்த இயந்திரத்தைத் தேடிப் பிடித்துப் புத்தகம் போடுகிறார்கள், அழகாகவும் போடுகிறார்கள். எங்கள் பிள்ளைகளில் பலர் அந்த இயந்திரத்தை நேரில் பார்த்ததில்லை. டேப்லெட்டில் ஒரு லேயரை இரண்டு பிக்சல் நகர்த்தி விலகலை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள்.

எனக்கு வருத்தம் தருவது இதுதான். நகர்த்திய லேயர் படம் முழுக்க ஒரே அளவு விலகி நிற்கிறது. மேசையில் அடிக்கும்போது அப்படி விலகாது. தாளின் ஒரு மூலையில் சரியாக உட்கார்ந்து, எதிர் மூலையில் பிசகும். காற்றில் ஈரம் ஏறினால் தாளே விரியும். காலையில் அடித்த மஞ்சளோடு மாலையில் அடித்த நீலம் பொருந்தாது. அந்த ஒவ்வொரு பிசகுக்கும் காரணம் உண்டு. காரணம் தெரிந்தவர் அதை அடக்கவும் செய்வார், தேவையான இடத்தில் விட்டுவைக்கவும் செய்வார். காரணம் தெரியாமல் தோற்றத்தை மட்டும் எடுத்து ஒட்டினால், எல்லார் படமும் ஒரே படமாகிவிடுகிறது.

இதைச் சொன்னால் பிள்ளைகளுக்குப் புரியாது. கையில் கொடுத்தால் புரிகிறது. சென்னையின் தாரா புக்ஸ் 2006-ல் வெளியிட்ட 'தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்' புத்தகத்தை வகுப்புக்கு எடுத்துப் போவேன். கோண்டுப் பழங்குடி ஓவியர்கள் பஜ்ஜு ஷ்யாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி வரைந்த மரங்கள். கையால் செய்த கறுப்புத் தாள், கையால் அடித்த ஸ்கிரீன் பிரிண்ட், பிரதிக்குப் பிரதி எண். 2008-ல் குழந்தைப் புத்தகங்களுக்கான போலோன்யா ராகஸி விருது பெற்ற புத்தகம். திறந்ததும் மை வாசம் வரும். விரலால் தடவினால் கோடு தாளுக்கு மேலே நிற்பது தெரியும். ஆனால் மயிரிழைக் கோடுகள்கூட எங்கேயும் இடறுவதில்லை. அதை அடித்த தொழிலாளர்கள் கை தெரியாமல் வேலை செய்யும் பாடத்தைக் கரைத்துக் குடித்தவர்கள். அந்த நேர்த்திக்குப் பிறகும் மிஞ்சி நிற்கிறதே, அதைத்தான் நான் கை என்பேன். டேப்லெட் பிள்ளைகள் இந்தப் புத்தகத்தைத் தடவிப் பார்க்கும்போது கொஞ்ச நேரம் யாரும் பேசுவதில்லை. பிறகு, "இதை நாம அடிச்சுப் பார்க்கலாமா மேம்?" என்ற கேள்வி வரும். அந்தக் கேள்விக்காகவே அதைச் சுமந்து போகிறேன்.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் எங்களைவிட மேலாகச் செய்கிற காரியம் ஒன்று உண்டு: பெயர் எழுதுவது. எங்கள் நாளில் கைவினை டாக்குமென்டேஷன் என்றால் சக்கரம், அச்சு, தறி எல்லாவற்றையும் அளவு பிசகாமல் வரைவோம். செய்தவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'லோக்கல் ஆர்ட்டிசன்' என்றிருக்கும். அதுதான் அன்றைய வழக்கம். கடைப் பலகை எழுதிய பெயிண்டர்களுக்கும் அதே கதிதான். ஃபிளெக்ஸ் வந்து அவர்கள் வேலையைப் பறித்தபிறகுதான், அந்த எழுத்தின் அருமை டிசைன் உலகத்துக்கு உறைத்தது. ஹனிஃப் குரேஷி என்ற டிசைனர் தெருப் பெயிண்டர்களின் எழுத்தைச் சேகரித்து எழுத்துருவாக்கினார். ஒவ்வொன்றுக்கும் எழுதிய பெயிண்டரின் பெயரையே வைத்தார். அவர் 2024-ல் காலமானார். அந்த ஒரு பழக்கத்தை விட்டுச் சென்றதற்காகவே நான் அவரை நன்றியோடு நினைக்கிறேன். என் மாணவர்கள் இப்போது பெயர் போடாமல் பக்கத்தை முடிப்பதில்லை. படம் எடுக்கும் முன் கேட்கிறார்கள், முடிந்த புத்தகத்தைக் கொண்டுபோய்க் காட்டுகிறார்கள்.

ஆனால் பெயரோடு விலையும் இருக்கிறது. திருநெல்வேலிப் பக்கம் பத்தமடைக்குப் போய், பாய் நெய்வதைச் சித்திரப் புத்தகமாகச் செய்த மாணவி ஒருத்தி. 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற பாய் அது. தாமிரபரணிக் கரையில் அறுத்த கோரையைக் காயவைத்து, தண்ணீரில் ஊறப்போட்டு, நூல் நூலாகக் கிழிக்க வேண்டும். பருத்திப் பாவு கட்டிய தறி தரையோடு படுத்திருக்கும். ஒருவர் கோரையைக் குச்சியில் கோத்துப் பாவுக்குள் செலுத்த, இன்னொருவர் அச்சை இழுத்து நெருக்குவார். கோரையில் ஈரம் இருந்தால்தான் வளையும், உலர்ந்தால் ஒடியும். அதனால் விரல் எப்போதும் நனைந்தபடியே இருக்கும். முதலில் அவள் டேப்லெட்டில் 'பாய் டெக்ஸ்சர்' ஒன்றைச் செய்து பக்கமெங்கும் நிரப்பியிருந்தாள். நெய்கிற அக்காமார் பக்கத்தில் உட்கார்ந்து, கோரை கிழித்துப் பழகி வந்தபிறகு அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, லினோ பலகையில் ஒவ்வொரு இழையாகச் செதுக்க ஆரம்பித்தாள். இழை போகும் திசையில் கத்தி போனது. ஊறிய கோரையின் மெலிவும் விறைப்பும் கோட்டில் வந்தன. பார்த்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்தது.

அந்தப் படங்களைத் தனித்தாளாக அடித்து, கைவினைச் சந்தை ஒன்றில் விற்க வைத்தாள். சந்தைக்கு முன்தினம் விலைச்சீட்டு எழுதும்போது என்னைக் கூப்பிட்டாள். "மேம், பாயோட படத்துக்கு நான் வச்ச விலை, அந்த அக்கா சாதாரணப் பாய்க்கு வாங்குற விலையவிட ஜாஸ்தியா வருது. இது எப்படி சரி?" சரியில்லைதான். படத்தின் விலையைக் குறைத்தால் அது சரியாகிவிடாது என்று மட்டும் சொன்னேன். அவள் உழைப்புக்கும் விலை உண்டு.

அவளே ஒரு வழி கண்டாள். நெய்த அக்காவிடம் பேசி, அவர்கள் சொன்ன விலைக்கே பாய்களை வரவழைத்து, படங்களோடு ஒரே மேசையில் வைத்தாள். எவ்வளவு கோரை, எத்தனை நாள் வேலை, எத்தனை பேர் கை என்பதைச் சீட்டில் எழுதினாள். வந்தவர்கள் படித்துவிட்டுத்தான் விலை பார்த்தார்கள். பேரம் பேசியவர்கள் குறைவு. படங்கள் எல்லாம் போய்விட்டன, பாய் சிலதுதான் போயிற்று. ஃபிளாட்டில் விரிக்க இவ்வளவு நீளம் வேண்டாம், சின்னதாக இருந்தால் வாங்குவோம் என்று பலர் சொன்னார்களாம். இப்போது அவள் சின்ன அளவில் ஒரு மாதிரி வரைந்து அனுப்பியிருக்கிறாள். அதற்குப் பாவை அவிழ்த்து அகலம் குறைத்துக் கட்ட வேண்டும், கட்டுகிற நாளில் நெசவு நடக்காது. அந்த நாளின் கூலியைப் படம் விற்ற காசிலிருந்து தருகிறேன் என்கிறாள் இவள். மாதிரி நன்றாக வந்தால் அடுத்த ஆர்டரில் கழித்துக்கொள்ளலாம் என்கிறார்கள் அவர்கள். பேச்சு இன்னும் முடியவில்லை.