இறங்குவது இலவசம்

மலை ஏறுகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்க்கலாம். முடியும் என்று பட்டால் ஏறலாம். முடியாது என்று பட்டால் டீ குடித்துவிட்டுத் திரும்பிவிடலாம். கடலோரப் பாறையில் அது நடக்காது. அங்கே கார் நிற்பதே உச்சியில்தான். முதலில் கயிறு கட்டிக் கீழே இறங்க வேண்டும். இறங்கி முடித்தால் பின்னால் கடல், முன்னால் சுவர். ஏறலாமா வேண்டாமா என்று யோசிக்க இடமே இல்லை. ஆகவே இந்த விளையாட்டுக்குத் தைரியம் தேவையில்லை. வேறு வழி இல்லாமல் இருந்தால் போதும்.

எங்களுக்கு வேறு வழி இல்லாமல் செய்தவர் டாக்டர். மயக்க மருந்து நிபுணர். "ஒண்ணும் ஆகாது, பத்து வரைக்கும் எண்ணுங்க" என்று சொல்லியே பிழைப்பு நடத்துகிறவர். அதே குரலில் பேசி, லண்டனிலிருந்து எங்களை இங்கிலாந்தின் தென்கரைக்கு, டார்செட்டில் உள்ள ஸ்வானேஜுக்கு ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். கூட வந்தவர்கள் ஆடிட்டரும் திருநெல்வேலி அண்ணாச்சியும். புளியோதரை அண்ணாச்சியின் பொறுப்பு.

ஊரை ஒட்டியிருக்கிறது டர்ல்ஸ்டன் பூங்கா. அங்கே 1887இல் நிறுவிய நாற்பது டன் கல் பூகோள உருண்டை ஒன்று உண்டு. அண்ணாச்சி அதில் பாளையங்கோட்டையைத் தேடி ஏமாந்தார். அங்கிருந்து ஆன்வில் பாயின்ட் கலங்கரை விளக்கத்துக்குப் போகும் வழியில் டில்லி விம் குகைகள். ஒரு காலத்தில் கல்குவாரி. பாறை சரியும் ஆபத்து இருக்கிறதென்று 1976இல் மூடிவிட்டார்கள். குகைக்குள் நிற்பதே ஆபத்து என்று கதவடைத்திருக்கும்போது, கொஞ்சம் தள்ளி அதே கரையின் வெளிப்பக்கம் தொங்குவது எந்தக் கணக்கில் சேரும் என்று ஆடிட்டர் கேட்டார். "அது வேற பாறை" என்றார் டாக்டர். எனக்கு எல்லாம் ஒரே பாறையாகத்தான் தெரிந்தது.

ஏறும் வழிகளுக்கு இந்த நாட்டில் தரம் பிரித்து வைத்திருக்கிறார்கள். கைடு புத்தகத்தில் எங்கள் வழிக்கு நேரே 'வெரி டிஃபிகல்ட்' என்று போட்டிருந்தது. "அப்படின்னா ரொம்பச் சுலபம்" என்றார் டாக்டர். பொய்யில்லை. 1897இல் ஓவன் கிளின் ஜோன்ஸ் என்ற ஏறுநர் நாலே நாலு தரங்களாகப் பிரித்தபோது 'டிஃபிகல்ட்' மேலிருந்து இரண்டாவது. பின்னால் வந்தவர்கள் அதைவிடக் கஷ்டமானதையெல்லாம் ஏறித் தொலைக்க, 'சிவியர்', 'வெரி சிவியர்', 'எக்ஸ்ட்ரீம்' என்று மேலே மேலே சேர்த்துக்கொண்டே போனார்கள். கீழே மாட்டிக்கொண்ட பழைய தரத்தின் பெயரை மாற்ற யாருக்கும் மனம் வரவில்லை. அதனால் இன்றைக்குக் கால் நடுங்கும் கற்றுக்குட்டியும் 'வெரி டிஃபிகல்ட்' ஏறினேன் என்று ஊருக்குப் போன் போட்டுச் சொல்லலாம்.

இங்கே பாறையில் ஆணி அடித்து வைத்திருக்கவில்லை. முன்னால் ஏறுகிறவர் விரிசல்களில் 'நட்' என்ற உலோகத் துண்டைச் செருகி, அதில் கயிற்றை மாட்டிக்கொண்டே போக வேண்டும். 1950களில் வேல்ஸ் பக்கம் ஏறியவர்கள், ரயில் பாதை ஓரம் கிடந்த நிஜ நட்டுகளைப் பொறுக்கி, கயிறு கோத்துச் செருகியதிலிருந்து வந்த வழக்கமாம். டாக்டர் இதைப் பெருமையாகச் சொன்னார்.

"அப்ப அந்த ரயில் என்ன ஆச்சு?" என்றார் ஆடிட்டர்.

விளிம்பில் இரும்பு முளைகள் அடித்திருந்தார்கள். ஆடிட்டர் ஒவ்வொன்றையும் ஆட்டிப் பார்த்து, ஒன்றுக்கு இரண்டாக முளைகளில் கட்டச் சொன்னார். அதுதான் முறையும்கூட. அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். "பைகளுக்குக் காவல் வேண்டாமா?" என்று புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

இறங்குவதற்குத் திறமை ஒன்றும் வேண்டாம், பூமியே இழுத்துக்கொள்கிறது. கீழே தண்ணீரை ஒட்டி ஒரு திட்டு. பெரிய அலை வந்தால் நனையும் என்பதால், நிற்கிறவர்களும் பாறையோடு தங்களைக் கட்டிக்கொள்ள வேண்டும். இறங்கிய கயிறு தொங்கத்தான் செய்தது. ஆனால் கயிற்றில் ஏறத் தெரிந்தவனுக்குப் பாறையில் ஏறவா தெரியாது?

இந்தக் கரையில் கில்லிமாட் என்ற கடல்பறவை முட்டையிடுகிறது. அதற்காகச் சில பாறைகளில் வசந்தகாலம் முழுக்க ஏறத் தடை. குஞ்சு மூன்று வாரம் ஆனதும், சரியாகப் பறக்கக்கூடத் தெரியாமல் விளிம்பிலிருந்து கடலில் குதிக்குமாம். அப்பன் பறவை கீழேயிருந்து கூப்பிடுமாம். விவரமான குடும்பம். திரும்ப ஏறி வா என்று யாரும் சொல்வதில்லை.

டாக்டர் ஏறி மறைந்தார். அடுத்து நான். "வரலாமா?" என்று கத்தினேன். மேலிருந்து 'வ' மட்டும் வந்தது. மீதியைக் காற்று தின்றுவிட்டது. வாவா, வராதேயா? யோசிப்பதற்குள் இடுப்புக் கயிறு விறைத்து என்னை மேல்நோக்கி அழைத்தது.

எத்தனையோ பேர் ஏறி ஏறிக் கல் கோயில் படி போல வழுவழுத்திருந்தது. பாதியில் என் வலது கால் என்னைக் கேட்காமல் ஆட ஆரம்பித்தது. இதற்கு ஏறுநர்கள் எல்விஸ் பிரெஸ்லியின் பெயரை வைத்திருக்கிறார்கள். கால் அவர் காலாக இருந்தாலும் குரல் என்னவோ என்னுடையதுதான்: "கயித்த விட்டுராதீங்க டாக்டர்!" கீழே நின்ற ஆடிட்டர், எந்தப் பிடியில் எவ்வளவு நேரம் செலவழித்தேன் என்று சத்தமாகக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். அவருடைய முறை வந்தபோது குறிப்பெடுக்க யாரும் இல்லாதது அவருடைய அதிர்ஷ்டம்.

ஒருவழியாக மூவரும் புல்லில் வந்து விழுந்தோம். நடைபாதையில் நாயோடு போன ஒரு மூதாட்டி, நாங்கள் பெரிய தைரியசாலிகள் என்று பாராட்டினார். டாக்டர் அடக்கமாகச் சிரித்தார். அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை.

"இதுல என்னவே தைரியம்? வேற போக்கிடம் இல்ல, ஏறினீய. எனக்குக் கார் சாவி கையில இருந்துச்சு. ரோடு இருந்துச்சு. ஆனாலும் உங்கள விட்டுட்டுப் போனேனா?"

பதில் சொல்ல முடியவில்லை. ஆடிட்டர் மட்டும் டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்துவிட்டு, புளியோதரைக்குக் கணக்குக் கேட்டார்.

"காத்துக் கெடக்கதுக்கும் தெம்பு வேணும்லா" என்றார் அண்ணாச்சி.