‘சும்மா’வுக்கு ஒரு பதவி

பயோடேட்டா அண்ணனிடம் போய் ‘சும்மாதான் இருந்தேன்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். முத்துப்பேட்டையில் அவருடைய ஜெராக்ஸ் கடை ஸ்டூலில் உட்கார்ந்து அதைச் சொன்ன ஒருவரும் சும்மா எழுந்து போனதில்லை. ஏதாவது ஒரு மேனேஜராகத்தான் போயிருக்கிறார்கள்.

“சும்மான்னா எப்படி தம்பி? வீட்டுக்கு அரிசி, மளிகை யார் வாங்கியாறது?”

“நான்தாண்ணே.”

டக் டக் டக். “பர்ச்சேஸ் எக்ஸிகியூட்டிவ். மாமா கடைக் கல்லாவுல ஒக்காந்துருக்கியா?”

“ரெண்டு நாளு. அவருக்குக் காய்ச்சல்...”

“ஃபைனான்ஸ்!”

ஜாம்புவானோடையிலிருந்து அலையாத்திக் காட்டுக்குப் படகு ஓட்டிய பையன், இவர் கைபட்டதும் மரைன் டூரிசம் ஆபரேஷன்ஸ் ஆனான். வனத்துறைக்காகச் சேற்றில் இறங்கி மீன்முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டிய பெரியவர் ஒருவர், ரேஷன் கார்டு ஜெராக்ஸ் எடுக்கத்தான் வந்தார். வேலையே கேட்காத அந்த மனிதரையும் கோஸ்டல் இன்ஜினியரிங் ஆக்கித்தான் அனுப்பினார். இறால் பண்ணையில் ராத்திரிக் காவல் இருந்தவருக்கு ‘செக்யூரிட்டி ஹெட்’. ஹெட் என்றால் கீழே நாலு பேர் வேண்டாமா என்று கேட்டேன்.

“நாய் இருந்துச்சாம்ல” என்றார்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வந்து தென்னந்தோப்புகளைப் படுக்கப் போட்டுவிட்டுப் போனது. ஊரே தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தது. அண்ணனுக்கோ அது அட்சய பாத்திரம். அதற்குப் பிறகு அவர் கடையில் அடித்த பயோடேட்டா எல்லாவற்றிலும் ‘டிசாஸ்டர் மேனேஜ்மெண்ட்’ ஏறிக்கொண்டது. என் சித்தி மகன் செய்ததெல்லாம், தெருவை மறித்து விழுந்த மரத்தை அறுத்துப் புரட்டிப் போட்டதுதான். வளைகுடா கம்பெனி ஒன்றின் நேர்காணலில், “பேரிடர் நேரத்தில் முதலில் என்ன செய்தீர்கள்?” என்று கேட்டிருக்கிறார்கள். “கட்டிலுக்கு அடியில போனேன் சார்” என்று இவன் உள்ளதைச் சொல்லியிருக்கிறான்.

போட்டோவுக்கென்று கடை ஆணியில் ஒரே ஒரு டை தொங்கும். ஊரில் பாதிப்பேர் கழுத்து அதைப் பார்த்திருக்கிறது. எல்லோருக்கும் பொழுதுபோக்கு ‘புத்தகம் படித்தல்’. கடைசியில் ‘மேற்கண்டவை யாவும் உண்மை’ என்று ஒரு வரி. அதன் கீழே கையெழுத்துப் போடும்போது மட்டும் பையன்களுக்கு லேசாகக் கை உதறும்.

ஒருநாள் பொறுக்காமல் லியோனார்டோ டாவின்சி கதையை எடுத்துவிட்டேன். 1480களில் மிலானை ஆண்ட லுடோவிகோ ஸ்போர்ஸாவிடம் வேலை கேட்டு அவர் தயாரித்த கடிதத்தில் பாலம், பீரங்கி, கோட்டை தகர்ப்பு என்று பக்கம் முழுக்க யுத்த சமாச்சாரம்தான். சண்டைக்காரப் பிரபுவுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. ஓவியமும் வரைவேன் என்பது கடைசியில்தான் வரும். “அவரு ஆளுக்குத் தகுந்தாப்புல முன்னபின்ன மாத்துனாருண்ணே. நீங்க இல்லாததையில்ல ஏத்துறீங்க” என்றேன்.

“அந்தத் தம்பி எந்தக் கடையில அடிச்சாரு?” என்றார்.

இன்று மிஞ்சியிருக்கும் அந்த வரைவு லியோனார்டோவின் கையெழுத்தில் இல்லை, வேறு யாரோ எழுதிக் கொடுத்தது என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்கே போர்டில் ஏற்றிவிடுவார்.

சிரிப்பெல்லாம் இருக்கட்டும். சித்தி மகன் விஷயத்தில் எனக்கு நிஜமாகவே வயிறு எரிந்தது. அவன் பத்தாவது பாஸ். பத்தாவது தேறாதவர்கள் வளைகுடாவுக்கு வேலைக்குப் போவதென்றால் குடிபெயர்வு அனுமதி வாங்க அலைய வேண்டும். அந்த அலைச்சல் இவனுக்கு இல்லை. மூன்று வருஷமாகப் படகு இன்ஜின் பிரித்து மாட்டுகிறான். கரையில் நின்று சத்தத்தைக் கேட்டே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவான். அந்தக் கம்பெனி தேடியதும் மெக்கானிக்கைத்தான். அண்ணன் என்ன செய்திருக்கிறார்? “கிரீஸ் கையெல்லாம் கவுரவமா இருக்காதுப்பா” என்று அந்த மூன்று வருஷத்தையும் அடித்துவிட்டு, அந்த இடத்தில் புயலைக் குடிவைத்திருக்கிறார். லியோனார்டோவாவது கடைசி வரியில் ஓவியத்தை விட்டுவைத்தார்.

கடையில் போய்க் கத்தினேன். அண்ணன் பதில் பேசவில்லை. கம்ப்யூட்டரில் பழையதைத் திறந்து, ஒவ்வொரு பதவியாக அழித்தார். பெற்ற பிள்ளைக்கு மொட்டை போடுகிறவர் மாதிரி முகம். ‘படகு இன்ஜின் மெக்கானிக், 3 வருடம்’ என்று அடித்துவிட்டு நிமிர்ந்தார்.

“முன்னாடி ஒரு சீனியர்?”

“வேணாம்ணே.”

பிரிண்ட் எடுத்து, தூரத்தில் பிடித்துப் பார்த்தார். “பக்கமே வெறிச்சோடிக் கெடக்கே தம்பி. பாக்கவே பாவமா இல்ல?”

என்றைக்கும் வாங்குவதில் பத்து ரூபாய் குறைத்துத்தான் வாங்கிக்கொண்டார்.